சோற்றில் கலக்க மருந்து இல்லை

மருந்துக்கடையில் சில கேள்விகள் தாழ்ந்த குரலில்தான் வரும். பக்கத்தில் நிற்பவர் வாங்கிக்கொண்டு போகும்வரை காத்திருந்து, பிறகு மேசைமேல் குனிந்து கேட்பார்கள்: “அக்கா, சோத்துல கலந்து குடுக்குற மருந்து இருக்கா? அவருக்குத் தெரியக்கூடாது.”

போடிநாயக்கனூரில் மருந்தாளுநராகக் கடை நடத்தும் எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. கேட்பவர்களில் பெரும்பாலோர் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள். இருட்டோடு எழுந்து சோறாக்கி, தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கம் காய் எடுத்துவிட்டு மாலையில் இறங்கி வருகிறவர்கள். அவர்கள் பறிக்கும் ஏலக்காய் எங்கள் ஊர் ஏல மையத்திலிருந்து வெளிநாடுவரை போகிறது. அவர்களுடைய கூலியில் ஒரு பகுதியோ, சுவர் விளம்பரத்தில் பார்த்த ஏதோ ஒரு பொடிக்குப் போகிறது.

நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: “மறைச்சுக் குடுக்க மருந்து கிடையாது தாயி. தெரிஞ்சு சாப்பிட மருந்து இருக்கு. அது கேக்கும்.” கடையில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

தெரியாமல் கொடுத்தால் என்ன ஆகும்?

‘அவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கலாம்’ என்று விற்கப்படும் பொடிகளின் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், உள்ளே இருப்பது என்னவென்று தெளிவாக எழுதியிருக்காது. பலவற்றில் வெறும் மூலிகைத் தூள் இருக்கலாம். அப்படியானால் நட்டம் பணத்தோடு போயிற்று. உள்ளே டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

டைசல்ஃபிரம் உண்மையான மருந்துதான். ரப்பர் ஆலைகளில் பயன்பட்ட ரசாயனம் அது. அந்த இனத்து ரசாயனங்களோடு புழங்கிய தொழிலாளர்கள் மது குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பதை 1937-இல் ஓர் அமெரிக்க ஆலை மருத்துவர் எழுதினார். 1940-களின் இறுதியில் டென்மார்க்கைச் சேர்ந்த எரிக் யாக்கோப்சன், யென்ஸ் ஹால்ட் இருவரும் அதைக் குடிநோய்க்கான மருந்தாக உலகுக்கு அறிவித்தார்கள். நாம் குடிக்கும் மதுவைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றும். உடனே அதையும் உடைத்துத் தீங்கற்ற பொருளாக்கிவிடும். இந்த இரண்டாவது வேலையை டைசல்ஃபிரம் தடுத்துவிடுகிறது. நச்சு ரத்தத்தில் தேங்குகிறது. முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், மூச்சு முட்டும், ரத்த அழுத்தம் சரியும். இதய நோய் உள்ளவர் இறந்தும் போகலாம்.

மருத்துவர் இதைத் தரும்போது இதயத்தையும் கல்லீரலையும் பரிசோதிப்பார். நோயாளியிடமே எல்லாவற்றையும் விளக்கி, அவர் சம்மதித்த பிறகே தருவார். மாத்திரையை நிறுத்தினாலும் அதன் வேகம் இரண்டு வாரம்வரை உடம்பில் இருக்கும் என்பதையும் சொல்லி அனுப்புவார். “இதைச் சாப்பிட்டிருக்கிறேன், இன்று குடிக்கக் கூடாது” என்ற அந்த நினைப்புதான் மருந்தில் பாதி. தெரியாமல் கொடுக்கும்போது அந்தப் பாதி இல்லை. அவர் வழக்கம்போல் ஒரு குவாட்டரைக் குடிப்பார். அவருக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கும் தெரியாது, பார்க்கிற மருத்துவருக்கும் தெரியாது.

பழக்கம் நோயாகும் இடம்

குடிப்பவர் எல்லாரும் குடிநோயாளி அல்ல. எங்கே அது நோயாகிறது என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய் வகைப்பாட்டில் ஆறு அடையாளங்கள் உண்டு. வேறு எதையும் யோசிக்கவிடாத ஏக்கம். ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று கைமீறிப் போவது. நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. முன்பு கட்டிங்கில் கிடைத்தது இப்போது குவாட்டரிலும் கிடைக்காதது. வேலை, பிள்ளைகள், திருவிழா எல்லாம் பின்னுக்குப் போய் நாளெல்லாம் அதைச் சுற்றியே ஓடுவது. மஞ்சள் காமாலை வந்து படுத்து எழுந்த பிறகும் விட முடியாதது. ஒரே ஆண்டுக்குள் இவற்றில் மூன்று சேர்ந்து தெரிந்தால் அது சார்பு நோய்; வைத்தியம் தேவை.

மூளைக்குள் நடப்பது இதுதான். பசிக்குச் சாப்பிடும்போதும், பிள்ளை கட்டிக்கொள்ளும்போதும் டோபமைன் என்ற ரசாயனம் சுரந்து, ‘இது நல்லது, மறுபடி செய்’ என்று மூளை குறித்துக்கொள்கிறது. போதைப் பொருள்கள் அந்த ரசாயனத்தை இயற்கையாகச் சுரக்கும் அளவைவிடப் பல மடங்கு கொட்டவைக்கின்றன. வெள்ளத்தைத் தாங்க மூளை தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. பிறகு சாதாரண சந்தோஷம் எதுவும் உறைக்காது. குடித்தால்தான் சும்மா இருக்கவே முடியும் என்ற நிலை வரும். “அவனுக்குப் புத்தி இல்லையா?” என்று கேட்கிறோம். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய மூளையின் முன்பகுதியே அந்த நேரத்தில் வலுவிழந்திருக்கிறது. அந்த முன்பகுதி முழு வளர்ச்சி பெற இருபத்தைந்து வயதாகும். பதினைந்து வயதில் தொடங்குகிறவன் எளிதில் சிக்குவது அதனால்தான்.

எல்லாருக்கும் ஏன் நோயாவதில்லை என்றும் கேட்கிறார்கள். 1994-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, தொட்டவர்களில் எத்தனை பேர் அடிமையானார்கள் என்று பார்த்தது. புகையிலையில் 32 விழுக்காடு, ஹெராயினில் 23, மதுவில் 15, கஞ்சாவில் 9. பிறவிக்கூறு, சிறுவயதுத் துயரம், மனநோய், கையெட்டும் தூரத்தில் சரக்கு எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. பட்டியலில் முதலில் நிற்பது புகையிலை என்பதைக் கவனியுங்கள். கணவரின் குடிக்கு மருந்து கேட்கும் பெண்களில் சிலர், மலையில் பசியை அமர்த்த வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டே கேட்கிறார்கள். அவர்களிடம் வாயைத் திறந்து காட்டச் சொல்லி, வெள்ளைத் திட்டு தெரிந்தால் பல் மருத்துவரிடம் அனுப்புகிறேன். குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை இருக்கிறது. இருந்தும் உதட்டுக்குள் வைக்கும் வாசனைப் புகையிலைப் பொட்டலம் பள்ளிப் பிள்ளைகளின் பைவரை வந்துவிட்டது.

திடீரென்று நிறுத்தாதீர்கள்

“மலைக்கு மாலை போட்டாச்சு, இன்னையோட விட்டாச்சு” என்று சொல்லும்போது வீடு சந்தோஷப்படுகிறது. எனக்குக் கவலை வருகிறது. தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கு ஆபத்தாகலாம்.

போடிமெட்டு இறக்கத்தில் விடாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும் ஜீப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மது மூளைக்கு அந்த பிரேக். வண்டி நின்றுவிடாமல் இருக்க மூளை ஆக்ஸிலேட்டரை மேலும் மேலும் அழுத்திப் பழகிக்கொள்கிறது. ஒரு நாள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால், அழுத்தின ஆக்ஸிலேட்டர் அப்படியே இருக்கிறது, வண்டி பாய்கிறது. கடைசிக் குடிக்குப் பின் ஆறு மணி நேரத்திலிருந்தே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தப்பிரமை தட்டும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாது. காய்ச்சல் ஏறி, நாடி தாறுமாறாகும். பேய் பிடித்துவிட்டது என்று கோடாங்கியிடம் கூட்டிப் போவதும் நடக்கிறது. இது ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டிய அவசரம்.

இன்னொரு வகையிலும் இது நடக்கும். தோட்டத்தில் மரக்கவாத்துக்கு ஏறியவர் விழுந்து கால் எலும்பு முறிகிறது. ஆஸ்பத்திரியில் “குடிப்பாரா?” என்று மருத்துவர் கேட்கிறார். மானம் போய்விடும் என்று “எப்பவாச்சும்” என்கிறது குடும்பம். மூன்றாம் நாள் இரவு அவர் டிரிப்ஸைப் பிடுங்கிப்போட்டு எழுந்து ஓடுகிறார். முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால், நடுக்கத்தை அடக்கும் மாத்திரையை அளவாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, ஐந்து முதல் பத்து நாளில் பத்திரமாக இறக்கியிருப்பார்கள். கூடவே தையமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும் போட்டிருப்பார்கள். குடியால் அந்தச் சத்து வற்றிப்போனவர்களுக்கு நினைவாற்றலே நிரந்தரமாக அழிந்துபோகும் நோய் வருவதுண்டு. சில ஊசிகளில் அதைத் தடுத்துவிடலாம். மருத்துவரிடம் எத்தனை வருடம், எவ்வளவு, கடைசியாக எப்போது என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மலைக் குளிரும் உடம்பு வலியும்

எங்கள் ஊரில் குடிக்குச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. முதலாவது குளிர். சாரல் மழையில் நனைந்து வேலை செய்தவருக்கு ஒரு கட்டிங் சூடு தருவதாகத் தோன்றும். மது தோலுக்கடியில் இருக்கும் ரத்தக்குழாய்களை விரிப்பதால் வரும் சூடு அது. உடம்பின் உள்வெப்பம் அந்த வழியாக வெளியேறிக்கொண்டிருக்கும். குடித்துவிட்டு மலைக்குளிரில் கிடப்பவர் மற்றவரைவிட வேகமாக விறைத்துப்போவார்.

இரண்டாவது உடம்பு வலி. குடி அன்றிரவு வலியை மறக்கடிக்கும். ஆழ்ந்த தூக்கத்தைக் கெடுக்கும். மறுநாள் வலியும் சோர்வும் கூடுதலாக எழும். அதற்கும் ஒரு கட்டிங் தேவைப்படும்.

மூன்றாவது, “பீர்தானே!” கணக்குப் போட்டுப் பாருங்கள். பிராந்தி, ரம்மில் மதுசாரம் 42.8 விழுக்காடு. 90 மில்லி கட்டிங்கில் ஏறத்தாழ 38.5 மில்லி மதுசாரம் இருக்கும். 8 விழுக்காடு உள்ள 650 மில்லி பீர் பாட்டிலில் 52 மில்லி. கட்டிங்கைவிட அந்தப் பாட்டிலில்தான் அதிகம்.

இலையும் மாத்திரையும்

மதுவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க முடியாதபடி காலம் மாறிவிட்டது. தேனி மாவட்டத்து மலைகளுக்குக் கஞ்சா புதிதல்ல. வருசநாட்டுப் பக்கம் காட்டுக்குள் பயிரிட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது பிடிபடுவதில் பெரும்பங்கு ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வருவது. எங்கள் மாவட்டம் அது கேரளத்துக்குக் கடந்துபோகும் வழியிலும் இருக்கிறது. கடந்துபோகிற சரக்கு வழியில் கொஞ்சம் சிந்தாமல் போகாது.

“பச்சை இலைதானக்கா, சாமியாரே குடிக்கிறாரு” என்று பையன்கள் சொல்கிறார்கள். கஞ்சாவைத் தொட்ட பெரியவர்களில் பதினோரு பேருக்கு ஒருவர் அடிமையாகிறார் என்றால், பள்ளி வயதில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர் அடிமையாகிறார். படிப்பில் கவனம், ஞாபகம், எதையும் செய்யும் துடிப்பு முதலில் மங்கும். குடும்பத்தில் மனநோய் வரலாறு உள்ள பிள்ளைக்கு, காதில் குரல் கேட்பது, எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்ற சந்தேகம் போன்றவற்றைக் கஞ்சா கிளப்பிவிடலாம். அப்படி ஒரு மாற்றம் தெரிந்தால் திட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. அந்த வாரமே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

என் கடையோடு நேரடியாகத் தொடர்புள்ளது மாத்திரை. “அண்ணனுக்கு ஆபரேஷன் பண்ணியிருக்குக்கா, சீட்டு வீட்ல இருக்கு, ஒரு அட்டை மட்டும் குடுங்க” என்று பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள் கேட்பது டிரமடால், டேபென்டடால் போன்ற கடும் வலி மாத்திரைகள், நைட்ரஸிபாம் போன்ற தூக்க மாத்திரைகள், கோடீன் கலந்த இருமல் சிரப். சீட்டு இல்லாமல் கொடுக்க மாட்டேன். 2014 முதல் நடைமுறையில் உள்ள ‘ஹெச்1’ பட்டியலில் டிரமடால், கோடீன், நைட்ரஸிபாம் எல்லாம் உண்டு. அவற்றை விற்றால் எழுதிக்கொடுத்த மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி, அதை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 2018-இல் டிரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. சக மருந்துக்கடைக்காரர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: அந்த ஒரு அட்டையில் கிடைக்கும் லாபத்தில் யாரும் மாடி வீடு கட்டப் போவதில்லை. ஒரு பிள்ளை போய்விடக்கூடும்.

இந்த வலி மாத்திரைகள் அபின் வகையின் வேலையையே செய்கின்றன. அளவு மிஞ்சினால் மூச்சுவிடச் சொல்லும் மூளைப்பகுதி தூங்கிவிடும். மதுவும் தூக்க மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். ஊசியில் ஏற்றி, ஒரே ஊசியைப் பகிர்ந்தால் ஹெச்ஐவியும் கல்லீரல் அழற்சியும் பரவும். பெற்றோர் அறிய வேண்டியது இன்னொன்றும் உண்டு. சிகிச்சைக்கோ சிறைக்கோ போய்ச் சில வாரம் தொடாமல் இருந்த உடம்புக்குப் பழைய தாங்குதிறன் இருக்காது. வெளியே வந்தவுடன் பழைய அளவையே எடுப்பவர்கள்தான் அதிகம் இறக்கிறார்கள். நினைவிழந்து, உதடு நீலம் பாரித்து, குறட்டைபோல மூச்சு இழுத்தால் தூங்கட்டும் என்று விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். நலாக்சோன் என்ற முறிமருந்தை ஆஸ்பத்திரியில் சமயத்துக்குப் போட்டால் பிழைத்துக்கொள்வார்கள்.

“ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருவாங்க” என்ற பயம் பல வீட்டைக் கட்டிப்போட்டிருக்கிறது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் விற்பவருக்குக் கடுமையானது. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைப் பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குத் தொடர்வதிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விடக்கூடாது என்பதுதான் நிபந்தனை. கூட்டிப்போகப் பயப்படாதீர்கள்.

ஊரறியச் செய்த வைத்தியம்

சென்னையில் சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிநோய்க்கு இளவயதிலேயே பறிகொடுத்தார். அதை மூடி மறைத்துக்கொண்டு வாழும் வசதி பெரிய குடும்பமான அவர்களுக்கு இருந்தது. அவர் 1980-இல் கணவர் பெயரிலேயே டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கிக் குடிநோயாளிகளுக்கு மருத்துவமனை அமைத்தார். பிறகு திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி கிராமத்துக்கே சிகிச்சை முகாமைக் கொண்டுபோனார்கள். குடிப்பவர், மனைவி, ஊர்க்காரர்கள் எல்லாரும் அறிய, ஊருக்குள்ளேயே தங்கவைத்து வைத்தியம் நடந்தது. அந்த அனுபவத்தை 1994-இல் ‘அடிக்‌ஷன்’ என்ற சர்வதேச ஆய்விதழில் சாந்தி எழுதினார். குடிப்பவரின் குடியை ஊரே அறியும். அவர் வைத்தியத்தை மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்? எங்கள் மலையடிவார ஊர்களுக்கும் அந்தத் துணிச்சல் வர வேண்டும் என்பது என் ஆசை.

வைத்தியம் என்பது உடம்பிலிருந்து போதையை இறக்குவதோடு முடிவதில்லை. ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் மாதக்கணக்கில் தேவைப்படலாம். அபின் வகைக்கு, கண்காணிப்பில் தரும் புப்ரினார்ஃபின் உண்டு. எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது, எந்த வருத்தத்தில் கை நீள்கிறது என்று ஆலோசகரோடு உட்கார்ந்து பேச வேண்டும். கூலி கிடைக்கும் நாளில் ஜீப் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு எந்தத் தெரு வழியாக வருவது என்பதுகூட அந்தப் பேச்சில் வரும். குடியை விட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. தமிழிலும் அதன் கூட்டங்கள் நடக்கின்றன, கட்டணம் கிடையாது.

மீண்டும் குடித்துவிட்டால்? சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் ஒரு கட்டத்தில் சறுக்குகிறார்கள். ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகள் மருந்தை விட்டு மறுபடி மோசமாவதும் ஏறத்தாழ இதே அளவில்தான் என்று 2000-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு காட்டியது. அந்த நோயாளிகளை நான் தினமும் பார்க்கிறேன். மாத்திரையை இரண்டு மாதம் விட்டுவிட்டு, ரத்த அழுத்தம் ஏறி வருகிறவரிடம் “இனி உனக்கு மருந்தே கிடையாது” என்று யாரும் சொல்வதில்லை. அளவை மாற்றித் தொடர்கிறோம். குடிநோயாளி சறுக்கினாலும் அதே மருத்துவரிடம் அதே வாரம் திரும்பிப் போக வேண்டும். முதல் முறை வீணாகிவிடவில்லை.

பணம் கட்டிச் சேர்க்கும் தனியார் மறுவாழ்வு மையமென்றால், மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, மருத்துவர் வருகிறாரா, குடும்பம் பார்க்க விடுவார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். அடிப்பதும் சங்கிலியில் கட்டுவதும் வைத்தியம் ஆகாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சங்கிலியைத் தடைசெய்திருக்கிறது. எங்கள் பகுதிக்குப் போடி அரசு மருத்துவமனையில் தொடங்கலாம். க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. தமிழக அரசு 2025-இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியிருக்கிறது. போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் கட்டணமில்லாத எண்கள்.

பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு: போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். காலையில், தெளிந்திருக்கும்போது, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் சொல்லுங்கள். “நீங்க கெட்டவருன்னு சொல்லல. உங்களுக்கு உடம்புக்கு முடியல. நானும் கூட வாரேன், ஒருக்கா டாக்டரைப் பாப்போம்” என்பது போதும். முடியாது என்பார். ஒரு வாரம் கழித்து மறுபடி சொல்லுங்கள். அடி, உதை என்று வந்தால் அதைப் பொறுத்துக்கொள்வது வைத்தியம் அல்ல. 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுகிறவர்கள் 5.7 கோடிப் பேர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர் மட்டுமே ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், அரசு மருத்துவமனையில் காசும் கேட்பதில்லை. மீதி 37 பேரும் நம் வீடுகளிலும் பக்கத்து வீடுகளிலும்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை இந்த வாரம், அவர் அறிய, அவர் சம்மதத்தோடு ஒரு மருத்துவர் முன்னால் உட்காரவையுங்கள்.